நல்ல ரீடிங் வந்த நான்கு

மேசை டிராயரின் அடியில் அந்த உறை கிடைத்தபோது மணி மூன்று இருக்கும். நான் தேடியது அதை அல்ல, துடைக்கிற பஞ்சை. பஞ்சு கிடைக்காத எரிச்சலில் டிராயரையே உருவி மேசைமேல் கவிழ்த்தேன். பழைய ஸ்டிக்கர், மூடி இல்லாத பேனா, எப்போதோ பாதி தின்று வைத்த கடலை மிட்டாய், அதோடு சீல் பிரிக்காத ஒரு பிளாஸ்டிக் உறை. உள்ளே நான்கு கேப்சூல்கள்.

முதலில் கோபம்தான் வந்தது. எந்தப் புண்ணியவான் இதை இங்கே போட்டான் என்று கத்தத் திரும்பியவள், உறைமேல் இருந்த எழுத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். 'லாட் 31, பாக்கி 4.' என் கையெழுத்து. எட்டாம் வகுப்பில் சிஸ்டரிடம் அடி வாங்கித் திருந்திய அந்தச் சாய்ந்த எழுத்தை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது.

லாட் 31 மார்ச் மாதமே சோதித்து முடித்துக் கையெழுத்துப் போட்டது. இது மே மாதம். அந்த நான்கு கேப்சூல்களும் நான்கு அரெஸ்டர்களுக்குள் இருந்திருக்க வேண்டும். இங்கே இருக்கின்றன என்றால் அங்கே இல்லை.

மல்லாபூரில் எங்கள் கம்பெனி சின்னதுதான். பதினான்கு பேர். வயர்லெஸ் செட்டுகளை இடியிலிருந்து காப்பாற்றுகிற அரெஸ்டர் செய்கிறோம். கம்பத்தின் உச்சியில் ஆன்டெனா இருக்கும், அறைக்குள் செட் இருக்கும், இரண்டுக்கும் நடுவே தடித்த கேபிள். அந்தக் கேபிள் அறைக்குள் நுழைகிற இடத்தில் எங்கள் சாமானை முறுக்கி மாட்டுவார்கள். பார்க்க ஒன்றுமில்லை. தீப்பெட்டியைவிடச் சற்று நீளமான பித்தளை உருளை, மேலே நிக்கல் பூச்சு, விலாவில் ஒரு திருகு மூடி, கீழே மண்ணுக்குப் போகிற செம்புக் கம்பிக்கு ஒரு காது. நான் பதினோரு வருடமாக அதன் சோதனை மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். பெயர் எலிசபெத்.

வேலையெல்லாம் அந்தத் திருகு மூடிக்குள்தான். உருளையின் நடுவே இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஓர் ஊசி நேராகப் போகிறது. வயர்லெஸ் பேச்சு அதன் வழியே போய்வருகிறது. விலாவில் உள்ள குழியில் கேப்சூலைப் போட்டு மூடியைத் திருகினால், மூடிக்குள் இருக்கிற ஸ்பிரிங் அதை அழுத்தி ஊசிமேல் உட்கார வைக்கும். கேப்சூலின் ஒரு முகம் ஊசியில், மறு முகம் உருளையின் உடம்பில். சட்டைப் பொத்தான் அளவு பீங்கான் வளையம், இரு பக்கமும் உலோகம், உள்ளே அடைத்த வாயு. சும்மா இருக்கும்போது அந்த வாயு எதையும் கடத்தாது. பேச்சு அதைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகும். இடி பக்கத்தில் விழுந்து கேபிளில் இருநூற்று முப்பது வோல்ட்டுக்கு மேல் ஏறிவிட்டால் மட்டும் வாயு தன் குணத்தை மாற்றிக்கொண்டு கம்பிபோலக் கடத்த ஆரம்பிக்கும். வந்தது அத்தனையும் ஊசியிலிருந்து கேப்சூல் வழியாக உடம்புக்கு, உடம்பிலிருந்து செம்புக் கம்பி வழியாக மண்ணுக்கு. குக்கரில் அழுத்தம் மிஞ்சினால் மட்டும் வெயிட் எழும்பி ஆவியை விடுகிறதே, அந்த மாதிரி. நேராகக் கம்பத்திலேயே விழுகிற இடிக்கு இதுவும் முழு உத்தரவாதம் இல்லைதான். ஆனால் கேப்சூலே இல்லாவிட்டால் அது வெறும் பித்தளைக் குழாய். வருகிற இடியை நேராகச் செட்டுக்கும், செட்டின் மைக்கைப் பிடித்திருக்கிற கைக்கும் அனுப்பிவைக்கும்.

அந்த நான்கும் போன இடத்தில் மைக்கைப் பிடித்திருப்பது என் வீட்டுக்காரரின் கை.

பூபாலன் பட்டான்செருவில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் வயர்லெஸ் அறையில் வேலை பார்க்கிறார். எங்கள் இரண்டு குடும்பமும் லாலாகுடா ரயில்வே காலனிதான், தாத்தா காலத்திலிருந்து. பேசுவது தமிழ்தான், ஆனால் வேண்டாமுக்கு 'நக்கோ', எதற்குக்கு 'கைக்கு', சரிக்கு 'ஹவ்' என்று ஊர்ப் பேச்சு ஒட்டிக்கொண்ட தமிழ். அவர் மட்டும் ரயிலுக்குப் போகாமல் ரசாயனத்துக்குப் போனார். டாங்கர் லாரியில் சரக்கு இறக்குகிற ஆட்களோடு ஷிப்ட் முழுக்க மைக்கில் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். இடி மேகம் வந்தால் இறக்குவதை நிறுத்தச் சொல்வதும் அவர்தான். ஊரே உள்ளே ஓடுகிற நேரத்தில் மைக்கை இறுக்கிப் பிடித்திருக்கிற வேலை.

அரெஸ்டர் வருவதற்கு முன்னால் அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். முதல் உறுமல் கேட்டதும் டாங்கர் ஆட்களிடம் நிறுத்தச் சொல்லிவிட்டு, செட்டின் முதுகிலிருந்து கேபிள்களைக் கழற்றி, முனைகளை ஒரு ஊறுகாய் ஜாடிக்குள் போட்டு வைப்பார். கண்ணாடி ஜாடி. இடி வந்தாலும் ஜாடிக்குள் முட்டிக்கொண்டு கிடக்கட்டும் என்பார். நான் சிரிப்பேன். மார்ச்சில் அறைக்குள் வருகிற நான்கு கேபிளுக்கும் நான்கு அரெஸ்டர் மாட்டியானதும் சொன்னேன். "நான் பண்ணின சாமான் சுவத்துல இருக்கு. இன்னும் கைக்கு ஊறுகா ஜாடி? நாலு பேர் பாத்தா என் மானம் போவும்." மறுநாளே ஜாடியை வீட்டுக்கு எடுத்துவந்துவிட்டார். நான் கழுவிக் கல்லுப்பு கொட்டி வைத்தேன். கல்யாணமான பதினாறு வருடத்தில் அந்த மனிதர் நான் சொன்னதை உடனே கேட்டது அந்த ஒரு தடவைதான்.

ஃபைலிலிருந்து லாட் 31 தாளை உருவினேன். பத்து பீஸ், பத்து ரீடிங். பார்த்ததுமே எல்லாம் ஞாபகம் வந்தது, வராமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த மாதம் கேப்சூல் தட்டுப்பாடு. முதலில் ஆறுதான் வந்தது. ஆறில் போட்டேன். மீதி நான்கு உடம்பையும் சும்மா வைத்திருப்பானேன் என்று, காலியாகவே அனலைசரில் மாட்டி, சிக்னல் எவ்வளவு குறைகிறது என்று பார்த்து எழுதிவிட்டேன். கேப்சூல் வந்ததும் போட்டு, மெகர் என்கிற சோதனை மீட்டரில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தால் முடிந்தது என்று நினைப்பு. மறுநாள் நான்கும் வந்தன. உறைமேல் எழுதி டிராயரில் வைத்தேன். சாப்பிட்டுவிட்டு வந்து போடலாம்.

சாப்பிட்டு வருவதற்குள் பட்டான்செரு ஜீப் வந்து நின்றது. டிரைவர் ஹார்னை அமுக்கிக்கொண்டே இருந்தான், டிராயரில் வைத்த உறை மறந்தே போனது. என் வீட்டுக்காரர் அறைக்குப் போகிற சாமான் ஆயிற்றே என்று நான் தாளை எடுத்துவைத்து, பத்திலும் சிக்னல் மிகக் குறைவாக இழக்கிற நான்கைப் பொறுக்கினேன். மற்ற ஆறும் ஒரே மாதிரி இருந்தன. அந்த நான்கு மட்டும் தனியாகத் தெரிந்தன, அவ்வளவு நல்ல ரீடிங். பெருமையாகத் துணியில் துடைத்து, பெட்டியில் வைத்து, தாளில் கையெழுத்துப் போட்டேன்.

நல்ல ரீடிங் வராமல் என்ன செய்யும்? உள்ளேதான் தடுக்க ஒன்றுமே இல்லையே.

அப்போதும் மனது ஒத்துக்கொள்ளவில்லை. ஒருவேளை இலக்கத்தை மாற்றி எடுத்திருப்பேனோ? மீதி ஆறும் வாங்க வேண்டியவர் தள்ளிப்போட்டதால் எங்கள் ரேக்கிலேயே இருந்தன. அந்த ஆறில் ஒன்றாவது காலியாக இருந்தால், பட்டான்செருவில் ஒன்றாவது நிறைந்திருக்கிறது என்று அர்த்தம். ஆறையும் அள்ளிவந்து மேசையில் பரப்பினேன்.

எங்கள் மெகர் கையால் சுற்றுகிற ரகம். சுற்றினால் ஐந்நூறு வோல்ட் கொடுக்கும். உள்ளே கேப்சூல் இருந்தால் வாயு உடைந்து கடத்தும், முள் விழும். காலியாக இருந்தால் முள் அசையாது. உடைந்தால்தான் எங்களுக்குப் பாஸ். பதினோரு வருடமும் முள் விழுவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவள், அன்றைக்கு விழாதே விழாதே என்று சேசுவைக் கூப்பிட்டுக்கொண்டு சுற்றினேன்.

முதலாவதில் விழுந்தது. இரண்டாவதில் விழுந்தது. மூன்று, நான்கு. ஐந்தாவதில் க்ளிப் சரியாகக் கவ்வாமல் முள் அப்படியே நின்றது, எனக்கு உயிரே வந்தது. க்ளிப்பைத் திருத்தி மறுபடி சுற்றினேன். விழுந்தது. ஆறாவதும்.

"என்ன எலிசபெத், மொகமே செத்துக் கெடக்கு?" உலகநாதன் சார் பின்னால் நின்றார். எங்கள் புரொடக்‌ஷன் மேனேஜர், திருநெல்வேலிக்காரர், இங்கே வந்து மூன்று வருடம் ஆகிறது.

"நாலு பீஸு காலியா போயிருக்கு சார். பட்டான்செருவுக்கு. நாலும்."

அவர் உறையைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், மெகரைப் பார்த்தார். "சரி. பதறாதீங்க. நாளைக்குக் காலைல நானே போயி மாத்திட்டு வந்துருதேன். ஒரு மணி நேர வேலை."

நானும் அதையே நம்பியிருப்பேன். அந்த நேரம் பார்த்து என் போனில் சங்காரெட்டி மாவட்டத்துக்கு இடி மின்னல் எச்சரிக்கை வந்து விழுந்தது. பட்டான்செரு அந்த மாவட்டம்தான். ஜன்னலுக்கு வெளியே எங்கள் மல்லாபூரில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. மேகம் மேற்கிலிருந்து வரும். எங்களுக்கு வருமுன் அவர்களுக்கு வரும். பூபாலனுக்கு அன்று இரண்டு மணி ஷிப்ட்.

அந்தத் தொழிற்சாலையில் செல்போனை கேட்டிலேயே வாங்கிப் பூட்டிவிடுவார்கள், ஒரு பொறி பட்டால் போதுமே. அதனால் கேட்டுக்குப் போன் போட்டேன். நான்கு தடவை எடுக்கவில்லை. ஐந்தாவதில் ஒரு செக்யூரிட்டி எடுத்தான். தெலுங்கில் கேட்டேன், வயர்லெஸ் அறைக்கு லைன் கொடுங்கள் என்று. வெளி லைன் உள்ளே போகாது மேடம் என்றான். அவன் குரலுக்குப் பின்னால் உறுமல் கேட்டது. தூரத்து உறுமல் இல்லை.

"அங்கே இடி இடிக்கிறதா?"

"ரொம்ப, மேடம். டாங்கர் வேறு நிற்கிறது."

என் நாக்கில் பொய் தயாராக இருந்தது. வீட்டில் சீரியஸ், பூபாலனை உடனே கேட்டுக்கு அனுப்புங்கள் என்றேன். அவன் நல்லவன், உடனே இளகிவிட்டான். "ஐயோ மேடம், இதோ சொல்கிறேன். மைக்கில் ஆள் இல்லாமல் இருக்கக் கூடாது. ஷ்யாமை உட்கார வைத்துவிட்டு வரச் சொல்கிறேன்."

ஷ்யாமை எனக்குத் தெரியும், பூபாலனோடு வேலை பார்க்கிறவன். பிப்ரவரியில் அவன் கல்யாணத்தில்தான் நானும் பூபாலனும் வயிறு முட்டச் சாப்பிட்டோம். அவன் பெண்டாட்டி எனக்கு இன்னொரு கரண்டி டபுள் கா மீட்டா, அந்த ரொட்டி இனிப்பு, வைத்தாள். அந்தப் பெண்ணின் முகம் கண்முன் வந்து நின்றது. என் புருஷனை எழுப்பிவிட்டு அந்த நாற்காலியில் அவள் புருஷனை உட்கார வைக்கிறேன். அப்படித்தான் அதற்கு அர்த்தம்.

"நக்கோ, நக்கோ!" என்று கத்திவிட்டேன், பேசிக்கொண்டிருந்தது தெலுங்கு என்பதும் மறந்து. "அவரையும் கூப்பிடாதே, யாரையும் உட்கார வைக்காதே. உங்கள் சேஃப்டி ஆபிஸரைக் கூப்பிடு. இடியைத் தடுக்கிற சாமானைச் செய்தவள் பேசுகிறேன் என்று சொல்."

அவன் ஓடினான். ரிசீவர் மேசையில் விழுந்த சத்தம். மழை தொடங்கிவிட்ட சத்தம்.

உலகநாதன் சார் மெதுவாகச் சொன்னார். "எலிசபெத், கொஞ்சம் யோசிச்சுப் பேசுங்க. கேட்டு போன்லாம் ரெக்கார்ட் ஆவும். காலின்னு நம்ம வாயால சொல்லிட்டா எழுத்துல வந்துரும். கம்பெனி நிக்காது, நீங்களும் இங்க நிக்க முடியாது. பழுதா இருக்கும்னு சந்தேகம், அப்படின்னு சொல்லுங்களேன்."

"சந்தேகம்னு சொன்னா எந்திரிச்சு வருவாங்களா சார்?"

அவர் போனைப் பிடுங்கவில்லை. அதற்கு அவருக்கு நான் என்றைக்கும் நன்றி சொல்வேன்.

"சேஃப்டி ஆபிஸர் ரஞ்சனா ஸ்பீக்கிங்," என்று ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் வந்தது. நான் உளறிய ஆங்கிலத்தில் இரண்டு வரி கேட்டதுமே, "தமிழா நீங்க? தமிழ்லயே சொல்லுங்க, சீக்கிரம்," என்றது.

"மேடம், உங்க வயர்லெஸ் ரூம்ல மாட்டியிருக்குற நாலு அரெஸ்டரும் காலி. உள்ள கேப்சூல் இல்ல. இடி விழுந்தா நேரா செட்டுக்குத்தான் போவும்."

"என்னங்க சொல்றீங்க? போன வாரம்தான் எங்க எலக்ட்ரீஷியன் மீட்டர் வெச்சுப் பாத்தாரு. ஓகேன்னு ரிப்போர்ட் இருக்கே."

"மீட்டர்ல எப்பவும் ஓகேதான் வரும் மேடம். மீட்டர் குடுக்குறது ஒம்போது வோல்ட். அதுக்கு நிறைஞ்சதும் ஒண்ணும் காட்டாது, காலியும் ஒண்ணும் காட்டாது. நான் இங்க லாட்டு பூரா எண்ணிப் பாத்துட்டேன். போடாம விட்டது நான்தான். கேப்சூல் நாலும் என் கையில இருக்கு."

"சரி, கேபிளைக் கழட்டச் சொல்றேன்."

"ஐயோ, வேணாம் மேடம்! இடி தலைக்கு மேல வந்தாச்சு. இப்ப கேபிள்ல கையே வைக்கக் கூடாது. ரூமை விட்டு வெளிய வரச் சொல்லுங்க. அங்க இருக்குற எல்லாரையும்."

"டாங்கர் இறக்குறதை இன்னும் முழுசா நிறுத்தல. வயர்லெஸ் இல்லாம நான் எப்படி நிறுத்தறது?"

"சைரன் இருக்குல்ல மேடம்? அதை அடிங்க."

"சைரன் அடிச்சா மொத்த பிளாண்டும் நிக்கும், தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும். அடிங்க."

"உங்க பேரு?"

"எலிசபெத். டெஸ்டிங். கையெழுத்துப் போட்டதும் நான்தான்." அதோடு நிறுத்தியிருக்கலாம். என்னால் முடியவில்லை. "பூபாலன் என் வீட்டுக்காரர்."

அவர் ரிசீவரை மேசைமேல் எறிந்துவிட்டு ஓடுவது கேட்டது. பிறகு சைரன். பிறகு காதைக் கிழிக்கிற ஒரு சத்தம், அதோடு லைன் செத்துப்போனது.

அதற்குப் பிறகு ஐம்பது நிமிடம். அதை எப்படிச் சொல்வது? கேட்டுக்குப் போட்டால் மணிகூட அடிக்கவில்லை. சைரன் முதலிலா, அந்தச் சத்தம் முதலிலா? சைரன்தான் முதலில். எத்தனை நொடி இடைவெளி? மூன்றா, பத்தா? அறையிலிருந்து வாசலுக்கு எத்தனை அடி? பூபாலன் எழுந்து வருமுன் மைக்கை அதனிடத்தில் ஒழுங்காக மாட்டுகிற ஆள். சட்டையைக் கழற்றினால்கூட மடித்துத்தான் வைப்பார். இன்றைக்கு ஒரு நாள் தூக்கிப் போட்டுவிட்டு வாருங்களேன் என்று காலிச் சுவரைப் பார்த்து அழுதேன். பக்கத்து பெஞ்சில் வேலை நின்றுபோனது, ஒருவரும் என் அருகே வரவில்லை. உலகநாதன் சார் மட்டும் அந்த நான்கு கேப்சூலையும் மேசையிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "நான் கெளம்புதேன். போய்ப் பாத்துட்டு போன் போடுதேன்," என்று கார் சாவியோடு போனார். நான் கேட்டுக்கு மறுபடி மறுபடி போட்டுக்கொண்டே இருந்தேன். வெளியே இன்னும் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அந்த வெயில்மேல் எனக்கு அப்படி ஒரு ஆத்திரம்.

கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல் லாட் 31 தாளை எடுத்து, அந்த நான்கு ரீடிங்குக்கும் எதிரே 'காலி' என்று எழுதி, பக்கத்தில் தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டேன். எழுத்து நேராகக்கூட வரவில்லை.

போன் அடித்தபோது தெரியாத நம்பர்.

"லிசி."

என்னை அப்படிக் கூப்பிட உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான். அழ ஆரம்பித்தேன்.

"லிசி, அழாத. நான் கேண்டீன் ஷெட்ல இருக்கேன். ஷ்யாமும் இங்கதான் இருக்கான். ரஞ்சனா மேடம் போன்ல பேசறேன்."

"அடி பட்டுச்சா?"

"நக்கோ, ஒண்ணும் இல்ல. மேடம் சைரன் அடிக்கச் சொல்லிட்டு மழையில ஓடிவந்து கதவுகிட்ட நின்னு கத்தினாங்க. வெளிய வந்து நாலு எட்டு வெச்சிருப்போம், கம்பத்துல விழுந்துச்சு. இப்பத்தான் உள்ள போய்ப் பாத்தோம். செட்டு கருகிப்போச்சு." அவர் மூச்சு வாங்கினார். "மைக் வயரு மேசையோட உருகி ஒட்டிக் கிடக்கு லிசி. நான் கை வைக்கிற இடத்துல."

நான் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மேடம் ஒத்த ரூபா காசால மூடியைத் திறந்து பாத்தாங்க. நாலும் துடைச்சு வெச்ச மாதிரி இருக்கு. பத்து பீஸு பண்ணினதா அப்ப சொன்னியே. அதுல இந்த நாலு எப்படி எனக்கு வந்துச்சு?"

யாரோ மாற்றி எடுத்துவிட்டார்கள் என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பார். நான் சொல்லி அவர் நம்பாதது இல்லை, அதுதானே இத்தனைக்கும் காரணம்.

"நான்தான் பொறுக்கினேன்," என்றேன். "பத்துலயும் நல்ல ரீடிங் வந்தது அந்த நாலுதான். உங்க ரூமாச்சேன்னு பாத்துப் பாத்துப் பொறுக்கினேன்."

அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அந்த ஊறுகா ஜாடியில இப்ப என்ன வெச்சிருக்க?" என்று கேட்டார்.

"கல்லுப்பு."

"வேற டப்பாவுல கொட்டி வை. நாளைக்கு நான் எடுத்துட்டுப் போறேன்."

புது கேப்சூல் போட்டு, உங்கள் கண்முன்னாலேயே மெகர் சுற்றி முள் விழுவதைக் காட்டுகிறேன், இனிமேல் ஜாடி எதற்கு என்று வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

"ஹவ்," என்றேன். "கொட்டி வைக்கிறேன்."